பதினாலும் பதினாறும்

"நீங்க எங்கிட்ட எதையோ மறைக்கீங்க" என்றார் கோமதிநாயகம்.

மரியபுஷ்பம் ரம்ப மேஜையில் கிடந்த மரத்தூளை வாயால் ஊதினாள்.

"நாலஞ்சு இருக்கும் சார். அதுல எது?"

அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து எஃகுப் பாகைமானியை எடுத்தார்.

மேஜையின் பள்ளத்தில் முன்னும் பின்னும் ஓடும் ஒரு பலகை அங்கே இருந்தது. அதன் மேல் இரண்டு தடுப்புக் கட்டைகள், ஆப்பின் இரண்டு பக்கங்கள் போலச் சாய்ந்து நின்றன. மரச் சட்டத்தை அந்தக் கட்டைகளில் மாற்றி மாற்றி அணைத்து, பலகையோடு ரம்பத்துக்குள் தள்ள வேண்டும். துண்டுகள் சாய்வாக வெட்டுப்படும். பன்னிரண்டு துண்டுகளைச் சேர்த்தால் ஒரு வளையம். வளையங்களை அடுக்கி ஒட்டி, லேத்தில் மாட்டிக் கடைந்தால் கிண்ணம்.

புத்தகங்களில் அந்தப் பலகைக்கு ஜிக் என்று பெயர். அந்தப் பட்டறையில் வண்டி.

அவர் பாகைமானியை ஒரு கட்டையில் வைத்தார். பிறகு மற்றதில் வைத்தார்.

"இது பதினாலு டிகிரி. அது பதினாறு. ரெண்டும் பதினைஞ்சு இருக்கணும்."

"இருக்கணும்."

"அப்ப வண்டி கோணல்."

"கோணல்தான்."

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"நான்தானே செஞ்சேன்."

"தெரிஞ்சே கோணலான வண்டியை எங்கிட்டத் தந்திருக்கீங்க."

அவள் ஒரு வேங்கை மரச் சட்டத்தை எடுத்தாள். மோட்டாரைப் போட்டாள். இந்தக் கட்டையில் ஒரு வெட்டு, அந்தக் கட்டையில் ஒரு வெட்டு. பன்னிரண்டு துண்டு. மேஜையில் வட்டமாக வைத்து ஒரு ரப்பர் வளையத்தைச் சுற்றிப் போட்டாள். தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.

எந்தப் பொருத்திலும் வெளிச்சம் வரவில்லை.

கோமதிநாயகம் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"துண்டை மாத்திட்டீங்க" என்றார்.

"எப்ப?"

"அதைத்தான் நான் கண்டுபிடிக்கணும்."

*

கோமதிநாயகம் முத்திரை ஆய்வாளராக இருந்தவர். கடைகளில் உள்ள தராசையும் படிக்கல்லையும் லிட்டர் குவளையையும் சோதித்து முத்திரை குத்தும் உத்தியோகம். முப்பத்தொரு வருஷம்.

தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தத்தை அவர் எடுத்திருக்கிறார். படிக்கல்லின் அடியைக் குடைந்து மெழுகு நிரப்பியிருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார். அடிப்பாகம் இரண்டாக இருந்த மண்ணெண்ணெய்க் குவளையை விரலால் ஒரே தட்டுத் தட்டி வெளிப்படுத்தியிருக்கிறார். எல்லாக் கடைக்காரர்களும் ஒரு காரணம் சொன்னார்கள். அவர் ஒரு காரணத்தையும் முழுசாகக் கேட்டதில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் அவரைக் கண்டால் கடைக்காரர்கள் கூடுதலாக ஒரு கை அள்ளிப் போட்டார்கள். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. கூடினாலும் எடை தப்புத்தானே.

யாரும் ஏமாற்ற முடியாத ஒரு காரியத்தைத் தன் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றிய நாட்களில்தான், செங்கோட்டை மரக்கடைத் தெருவின் கடைசியில் அவள் பட்டறை வாசலில் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார். தேக்கும் ஈட்டி மரமும் மாறி மாறி, சதுரங்கப் பலகை மாதிரி. ஒட்டு எங்கே என்று தெரியவில்லை.

"இது ஒட்டினது இல்ல. ஒரே கட்டையில பெயின்ட் அடிச்சது" என்றார், வாசலில் நின்றபடி.

மரியபுஷ்பத்துக்கு நாற்பத்தொரு வயது. பெங்களூரில் ஒரு மரச்சாமான் கம்பெனியில் பத்து வருஷம் நின்று வேலை பார்த்தவள். அவள் எழுந்து வந்தாள். கிண்ணத்தை எடுத்தாள். அவர் முன்னாலேயே கைரம்பத்தால் நடுவே அறுத்தாள். இரண்டு பாதியையும் அவர் கையில் கொடுத்தாள்.

தேக்கு உள்வரைக்கும் தேக்காக இருந்தது. ஈட்டி உள்வரைக்கும் ஈட்டியாக இருந்தது.

அவர் அறுத்த முகத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இந்தக் கிண்ணத்தைப் பொறுத்தவரை சரி" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள்.

"திங்கக்கிழமை வாங்க சார்" என்றாள்.

வந்தார். தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவளை மேஸ்திரிம்மா என்று கூப்பிட்டார். தூள் கூட்டினார், பசை கலக்கினார், மணல்தாள் தேய்த்தார். சொன்ன வேலையைச் செய்தார். சொன்ன வார்த்தையை மட்டும் நம்பவில்லை.

*

"நானே ஒரு வண்டி செய்யுதேன்" என்றார்.

"செய்யுங்க."

"பலகை நானே வாங்குதேன். கட்டை நானே வாங்குதேன். திருகாணிகூட என்னது."

"சரி."

"யாரும் தொடக் கூடாது."

"தொடல."

அவர் கிளம்பும்போது அவள் கூப்பிட்டாள்.

"ஒண்ணு மட்டும் சார். தினமும் வீட்டுக்குப் போறதுக்கு முன்னால கைவிரலை எண்ணிப் பாத்துட்டுப் போங்க. அதுல சந்தேகம் நல்லது."

இரண்டு வாரம் ஆனது. பிளைவுட்டை நான்கு மூலையும் சரி பார்த்து அறுத்தார். அடியில் பள்ளத்துக்குள் ஓட ஒரு தேக்குச் சட்டம் இழைத்து, மெழுகுவத்தி தேய்த்தார். தள்ளினால் சத்தமில்லாமல் ஓடியது. இரண்டு கட்டைகளையும் பாகைமானி வைத்து நிறுத்தினார். இது பதினைந்து. அது பதினைந்து. மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகாணியை முடுக்கினார்.

பன்னிரண்டு துண்டு வெட்டினார். வட்டமாக வைத்தார்.

பதினொரு பொருத்து மூடியது. பன்னிரண்டாவது மூடவில்லை. அந்த இடுக்கில் ஒரு தீக்குச்சி நிமிர்ந்து நின்றது.

மறுபடி பாகைமானி. பதினைந்து, பதினைந்து. மறுபடி பன்னிரண்டு துண்டு. மறுபடி தீக்குச்சி.

அவர் நிமிர்ந்து பட்டறையைச் சுற்றிப் பார்த்தார்.

பட்டறையில் அவர்கள் இருவரைத் தவிர இன்னொருவர்தான் உண்டு. தங்கப்பழம். ஐம்பதை நெருங்கியவர். காலையில் பட்டறையைத் திறப்பதும், ரம்ப பிளேடுகளைத் துடைத்து மாட்டுவதும், பெரிய பலகை அறுக்கும்போது மறுமுனையைப் பிடிப்பதும் அவர் வேலை. பேச்சு குறைவு.

பேச்சு குறைந்தவர்களைப் பற்றி கோமதிநாயகத்துக்கு ஒரு கருத்து இருந்தது.

அடுத்த நாள் அவர் அரக்கு கொண்டுவந்தார். உருக்கி, ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் ஒரு சொட்டு விட்டார். சூடு ஆறுவதற்குள் தன் கட்டை விரலை அழுத்தினார்.

தங்கப்பழம் வந்து எட்டிப் பார்த்தார்.

"கோர்ட்டுல இருந்து ஜப்தி பண்ண மாதிரி இருக்கு சார்" என்று சொல்லிச் சிரித்தார்.

கோமதிநாயகம் தன் நோட்டில் எழுதினார்: தங்கப்பழம் சிரித்தார். காரணம்?

அரக்கு உடையவில்லை. ரேகை கலையவில்லை. தீக்குச்சி நின்றது.

"கட்டையை யாரும் தொடல" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "அப்ப பிளேடு."

அன்று சாயங்காலம், எல்லாரும் கை கழுவப் போன நேரத்தில், பிளேடின் உள்பக்கம், நடுத் துளைக்குப் பக்கத்தில் சிவப்பு பெயின்டால் எள்ளளவு ஒரு பொட்டு வைத்தார்.

*

மறுநாள் வியாழக்கிழமை. குற்றாலம் பக்கமிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மரியபுஷ்பம் பலகை பார்க்க மர டிப்போவுக்குப் போயிருந்தாள்.

கோமதிநாயகம் வந்ததும் நேராக ரம்பத்துக்குப் போனார். குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

பொட்டு இல்லை.

முப்பத்தொரு வருஷமாக அவர் அறிந்த ஒரு சந்தோஷம் வயிற்றிலிருந்து மேலே ஏறியது.

"தங்கப்பழம்."

"சார்."

"பிளேடை மாத்தியிருக்கீங்க."

தங்கப்பழம் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தார்.

"ஆமா சார்."

"பழைய பிளேடு எங்க?"

"என் பையில இருக்கு."

ஆணியில் ஒரு பை தொங்கியது. செய்தித்தாளில் சுற்றிய வட்டமான ஒன்று அதிலிருந்து பாதி வெளியே தெரிந்தது.

"உங்க பையில."

"ஆமா. அது ஏன்னா சார்..."

"காரணம் எல்லாம் எனக்குத் தெரியும்" என்றார் கோமதிநாயகம். "எத்தனையோ காரணம் பாத்தவன் நான். நான் அளவு வச்சு முடிக்கிறது, நீங்க ராத்திரியோட ராத்திரியா பிளேடை மாத்துறது. ஒருநாள் பெரிசு, ஒருநாள் சிறிசு. நான் தோத்துப் போகணும். அதானே? எத்தனை நாளா நடக்கு இது?"



தங்கப்பழம் இடுப்பில் கட்டியிருந்த சாக்குத் துணியை அவிழ்த்தார். மடித்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். சாரலில் இறங்கி நடந்தார்.

மரியபுஷ்பம் வந்தபோது கோமதிநாயகம் பட்டறை நடுவில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். நடந்ததை வரிசையாகச் சொன்னார். நேரத்தோடு சொன்னார்.

அவள் கேட்டாள்.

"ஏன் மாத்தினாராம்?"

"அதைக் கேக்க வேண்டியதே இல்ல. மாத்தினதை ஒத்துக்கிட்டாரு."

அவள் போய் லேத்தைப் போட்டாள். அன்று முழுக்க லேத் மட்டும்தான் பேசியது.

*

தங்கப்பழம் மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

"நீங்க போய்க் கூப்பிடலையா?" என்று கேட்டார் கோமதிநாயகம். அவள் போயிருப்பாளோ என்ற சந்தேகத்தில்தான் கேட்டார்.

"நான் கூப்பிட்டா எனக்காக வந்துடுவாரு" என்றாள். "அது எதுக்கு?"

வேலை நிற்கவில்லை. ஒரு ஓட்டலின் முன்கூடத்துக்கு இடுப்பளவு உயர ஜாடி ஒன்று செய்ய வேண்டியிருந்தது. இருபத்திரண்டு வளையம். அதற்குப் பெரிய வேங்கைப் பலகைகளை நீளவாக்கில் அறுக்க வேண்டும். ஒரு ஆள் தள்ள, ஒரு ஆள் மறுபக்கம் பிடித்து வாங்க வேண்டும்.

"அந்தப் பக்கம் நில்லுங்க சார்" என்றாள்.

அவர் தங்கப்பழம் நிற்கும் இடத்தில் போய் நின்றார்.

பலகை வந்தது. ரம்பத்துக்கு மேலே ஏறி, இரண்டாகப் பிளந்து, அவர் கையை நோக்கி வந்தது. கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் பிளேடு இறுகும். பலகை எகிறி அவள் வயிற்றில் அடிக்கும். கொஞ்சம் விட்டுப் பிடித்தால் நுனி தொங்கும். அவள் கை முன்னால் சரியும்.

அவருக்கு உள்ளங்கை வியர்த்தது.

அறுத்து முடித்து மோட்டாரை நிறுத்தியதும் கேட்டார்.

"நான் நேரா இழுக்கேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"என்னைப் பாக்கவே இல்லையே நீங்க."

"நான் உங்களைப் பாத்தா பலகையை யாரு பாக்குறது?"

"நான் கோணலா இழுத்திருந்தா?"

அவள் அடுத்த பலகையைத் தூக்கினாள்.

"பிடிங்க சார்" என்றாள்.

அன்று அவர் பதினாறு பலகை பிடித்து வாங்கினார். ஒவ்வொரு பலகைக்கும் வியர்த்தது. தங்கப்பழம் இதை எத்தனை வருஷமாகச் செய்கிறார் என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை.

*

ஆறாம் நாள் அவர் மறுபடி தன் வண்டியை எடுத்தார்.

இப்போது பட்டறையில் தங்கப்பழம் இல்லை. மாற்ற ஆளில்லை. பிளேடில் புதுப் பொட்டு இருந்தது. அரக்கு இருந்தது. ரேகை இருந்தது. பாகைமானி பதினைந்து என்றது. இரண்டு பக்கமும் பதினைந்து என்றது.

பன்னிரண்டு துண்டு வெட்டினார். வட்டமாக வைத்தார்.

தீக்குச்சி நின்றது.

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். அவள் ஜாடியின் அடி வளையத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

"மேஸ்திரிம்மா. இப்ப யாரு?"

"யாரு என்ன?"

"யாரு மேல தப்பு?"

அவள் தடவுவதை நிறுத்தவில்லை.

"சார், கடைக்காரன் படிக்கல்லு சரியா இருக்கான்னு எதை வச்சுப் பாப்பீங்க?"

"எங்க ஆபீஸ் படிக்கல்லை வச்சு."

"ஆபீஸ் படிக்கல்லை?"

"வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய ஆபீசுக்குக் கொண்டுபோவோம். அங்க ஒண்ணு இருக்கு."

"அதை?"

"அதுக்கு மேல சென்னையில."

"அதை?"

"டெல்லியில."

"அதை?"

"வெளிநாட்டுல ஒண்ணு இருந்துது. கண்ணாடிக் குடுவைக்குள்ள பூட்டி வச்சிருந்தாங்க."

"அதை?"

கோமதிநாயகம் நிமிர்ந்தார்.

"அதைச் சோதிக்க மாட்டாங்க."

"ஏன்?"

"அது... அதுதான் ஒரு கிலோ."

"யாரு சொன்னா?"

"எல்லாருமாச் சேந்து ஒத்துக்கிட்டாங்க."

"ஒத்துக்கிட்டாங்களா?" என்றாள்.

வளையத்துக்குக் கிளாம்பு மாட்டி இறுக்கினாள். வழிந்த பசையைத் துணியால் துடைத்தாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து பாகைமானியை எடுத்தார். அது வந்த பெட்டியில் ஒரு சான்றிதழ் இருந்தது. அதில் ஒரு கையெழுத்து இருந்தது. அந்த ஆள் யார் என்று அவருக்குத் தெரியாது.

மெதுவாக எழுந்து போய் அதை ஒரு தாளின் விளிம்பில் வைத்தார். பதினைந்தில் கூர்ப் பென்சிலால் ஒரு கோடு. புரட்டி வைத்து, அதே இடத்திலிருந்து, நூற்றெண்பதில் பதினைந்து போக மீதி நூற்றறுபத்தைந்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும்.

ஆரம்பத்தில் விழுந்தன. போகப்போக விலகின. முடி அளவு.

"ஒரு முடி" என்றார். "ஒரு முடி அளவுதான்."

"பன்னிரண்டு துண்டுக்கு எத்தனை வெட்டு சார்?"

"இருபத்துநாலு."

"ஒரே முடி. ஒரே பக்கமா. இருபத்துநாலு தடவை."

அவர் தீக்குச்சியைப் பார்த்தார்.

வெளியே சாரல் நின்றிருந்தது. கேரளா போகும் லாரி ஒன்று உறுமிக்கொண்டு போனது.

"உங்க வண்டி பதினாலும் பதினாறும்" என்றார். "அது எப்படி மூடுது?"

"ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கன்னம் இந்தக் கட்டையில வெட்டுறது. மறு கன்னம் அந்தக் கட்டையில. இது கூடினதை அது குறைச்சிரும். ரெண்டும் சேந்து முப்பது. அவ்வளவுதான் வளையத்துக்கு வேணும். பொருத்துல லேசாப் படி விழும். அதை லேத்துல உளி எடுத்துரும்."

"முப்பதுன்னு எதை வச்சுப் பாத்தீங்க?"

"எதை வச்சும் பாக்கல. ஒரு கட்டையை முடுக்கிட்டேன், கண்ணுக்குப் பட்டபடி. மத்ததைத் தளர்வா விட்டேன். பன்னிரண்டு வெட்டி வளையத்தை வெளிச்சத்துல பிடிச்சேன். வெளியோரத்துல வெளிச்சம் தெரிஞ்சா ஒரு பக்கம் தட்டுவேன். உள்ளோரத்துல தெரிஞ்சா மறுபக்கம் தட்டுவேன். வளையம் மூடுதான்னு வளையத்துக்கிட்டதானே சார் கேக்கணும்?"

கோமதிநாயகம் தன் வண்டிக்குத் திரும்பினார். ஒரு கட்டையின் அரக்கை உளியால் சுரண்டினார். திருகாணியைத் தளர்த்தினார்.

பாகைமானியைப் பையில் போட்டுக்கொண்டார்.

மரச் சுத்தியால் கட்டையின் நுனியை லேசாகத் தட்டினார். பன்னிரண்டு வெட்டினார். ஜன்னலில் பிடித்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது. மெலிந்திருந்தது.

மறுபடி தட்டினார். பன்னிரண்டு வெட்டினார். இந்தத் தடவை உள்ளோரத்தில் வெளிச்சம்.

"ஜாஸ்தியாப் போச்சு" என்றார்.

அவள் தலையைத் தூக்கவில்லை.

மூன்றாவது தடவை நகத்தால் தட்டுவது போலத் தட்டினார். பன்னிரண்டு துண்டு. ரப்பர் வளையம். ஜன்னல்.

இருட்டு. பன்னிரண்டு இடத்திலும் இருட்டு.

அவர் அதை ஜன்னலுக்கு நேரே மெல்லச் சுற்றினார். கண்ணாடியை மாட்டவில்லை. லென்ஸை எடுக்கவில்லை. அவள் வந்து பார்ப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் வரவில்லை.

வளையத்தை மேஜையில் வைத்தார்.

"தங்கப்பழம் வீடு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

*

இரண்டு தெரு தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது வீடு.

அவர் மறுநாள் காலையிலேயே போனார். தங்கப்பழம் பனியனோடு வாசலில் உட்கார்ந்து ஒரு நாற்காலிக்குக் கால் மாற்றிக்கொண்டிருந்தார். பார்த்தார். எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு உள்ளே போனாள்.

கோமதிநாயகம் உட்காரவில்லை.

"என்னத்தைச் சோதிக்க வந்தீங்க?" என்றார் தங்கப்பழம்.

"ஒண்ணு கேக்க வந்தேன்."

"கேளுங்க."

கேட்பது அவ்வளவு சிரமமாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"அன்னைக்கு பிளேடை ஏன் மாத்தினீங்க?"

தங்கப்பழம் சுத்தியலைக் கீழே வைத்தார். உள்ளே போனார். செய்தித்தாளில் சுற்றியிருந்ததைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

கோமதிநாயகம் பிரித்தார்.

பிளேடில் ஒரு பல் இல்லை. பல் போன இடத்திலிருந்து ஒரு விரிசல் நடுத் துளையை நோக்கி விரல் நீளத்துக்கு ஓடியிருந்தது. தலைமுடி ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது. துடைத்தால் போய்விடும் போல. அவர் பெருவிரலால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை.

"காலையில துடைக்கும்போது துணி மாட்டுச்சு" என்றார் தங்கப்பழம். "அப்புறம்தான் கண்ணுல பட்டுது. இதைப் போட்டு ஓட்டினா ஒரு நேரம் தெறிச்சிரும். எந்தப் பக்கம்னு சொல்ல முடியாது. காலையில மொத ஆளா ஓட்டுறது நீங்கதான். அதான் மாத்தினேன். தென்காசியில பல்லு ஒட்டுற ஆள்ட்ட காட்டலாம்னு பையில வச்சிருந்தேன். விரிசலைப் பாத்தா அவரும் ஆகாதுன்னுதான் சொல்லுவாரு."

விரிசலின் நுனிக்குப் பக்கத்தில், எள்ளளவு, சிவப்பாக, அவர் வைத்த பொட்டு இருந்தது.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் பொட்டு வைத்தபோதே விரிசல் அங்கே இருந்திருக்க வேண்டும். அவர் யோசித்துப் பார்த்தார். பொட்டைப் பார்த்தது மட்டும்தான் ஞாபகம் வந்தது.



"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்ல வாயெடுத்தேனே சார்."

உள்ளே குக்கர் விசில் அடித்தது. கோமதிநாயகம் பிளேடைத் திரும்பவும் செய்தித்தாளில் சுற்றினார். சரியாகச் சுற்ற வரவில்லை. தங்கப்பழம் வாங்கிச் சுற்றினார்.

"தப்பு என்னோடது" என்றார் கோமதிநாயகம். "வேலைக்கு வாங்க."

"வரலாம்."

தங்கப்பழம் பிளேடைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். பிறகு சொன்னார்.

"இன்னொரு நாள் இன்னொரு பொட்டு காணாமப் போகும் சார். அன்னைக்கும் நான்தான் பிளேடை மாட்டியிருப்பேன்."

"அப்படி ஆகாது."

"ஆகாதுன்னு நான் எதை வச்சு நம்புறது?"



கோமதிநாயகத்தின் சட்டைப் பையில் பாகைமானி இருந்தது. லென்ஸ் இருந்தது. நோட்டும் இருந்தது. அவர் கை பைவரைக்கும் போய் அங்கேயே நின்றது.

"காட்ட எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார்.

தங்கப்பழம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பலகையைக் கையில் வாங்குவதற்கு முன்னால் அதன் மரக்கோடுகளைப் பார்ப்பது போலப் பார்த்தார். சந்தேகம் அந்த முகத்திலிருந்து போகவில்லை.

அப்புறம் வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏட்டி, அந்தச் சட்டையை எடு."

சட்டை வந்தது. பொத்தானைப் போட்டுக்கொண்டே படி இறங்கினார்.

"முன்னால நடங்க சார்" என்றார்.